நடையால் மீண்ட நாடி

நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். இது எங்கள் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். காய்ச்சல்காரருக்கும் அதே சட்டம், கால் முறிந்தவருக்கும் அதே சட்டம். மாரடைப்பு வந்தவரென்றால் சொல்லவே தேவையில்லை. அவர் கட்டிலை விட்டு இறங்கினாலே வீடு பதறும். அன்பினாலும் பயத்தினாலும் பிறந்த சட்டம்தான். ஆயினும் இதயத்தைப் பொறுத்தவரையில் அது பொருந்தாது என்பதை என் உடம்பிலேயே நான் கண்டேன். இதயநோயுடன் வாழும் சகோதரிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

2022 தை மாதம் எனக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அப்போது வயது 58. விஞ்ஞான ஆசிரியையாக நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வு பெற்று ஆறு மாதமும் ஆகவில்லை. சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் விழவில்லை. தாடையில் ஒரு நோ, முதுகில் ஒரு பாரம், உடம்பெல்லாம் வியர்வை, சொல்ல முடியாத ஒரு களை. அவ்வளவுதான். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரலாம் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். அடைபட்ட நாடியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் ஒரு பை நிறைய மருந்துகளுடன் வீட்டுக்கு வந்தேன். கிளினிக் கொப்பியின் கடைசியில் வைத்தியர் ஒரு வரி எழுதியிருந்தார்: நாளாந்தம் மெல்ல நடக்கவும், படிப்படியாகக் கூட்டவும்.

மருந்துகளை வீட்டார் மணிக்கூடு பார்த்துத் தந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் எவரும் நம்பவில்லை.

"நீர் எழும்ப வேண்டாம், நான் பாக்கிறன்" என்றார் என் கணவர். வெளிநாட்டிலிருந்து மகள் தினமும் தொலைபேசியில், "அம்மா, ஒண்டும் செய்யாதேங்கோ, பேசாமல் படுங்கோ" என்றாள். 84 வயதான என் மாமி சொன்னதுதான் எல்லாவற்றிலும் வலிமையான வாதம். "பிள்ளை, உன்ரை இதயம் களைச்சுப் போச்சு. களைச்ச மாட்டை ஆரும் வண்டியிலை பூட்டுவினமோ?"

மாமியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாயின், இதயத்தை ஓட்டுவது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிய பாடம் இது. எங்கள் விருப்பத்தைக் கேளாமலே இதயம், குடல், குருதிக் கலன்கள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றை நடத்துகின்ற நரம்புகளைத் தன்னாட்சி நரம்புத்தொகுதி என்போம். அதில் இரண்டு பிரிவுகள். ஒன்று பரிவு நரம்புத்தொகுதி. ஆபத்து வந்தால் உடம்பை உசுப்பி இதயத்தை வேகமாக அடிக்கச் செய்வது. மற்றது பரபரிவு நரம்புத்தொகுதி. ஆபத்து நீங்கியதும் அமைதிப்படுத்துவது. இந்த இரண்டாவது கூட்டத்தில் இதயத்துக்குச் செல்லும் முக்கிய நரம்பின் பெயர் வேகஸ். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அலைந்து திரிவதால், அலைவது என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயரில் வேகம் இருந்தாலும் அதன் வேலை வேகத்தைக் குறைப்பது என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு மறக்க மாட்டார்கள்.

1845 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வேபர் சகோதரர்கள் இந்த நரம்பை மின்னால் தூண்டினால் இதயத்துடிப்பு மந்தமாகி நின்றுவிடும் என்று காட்டினார்கள். 1921 இல் ஒட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துச் செய்த பரிசோதனையில், அந்த நரம்பு ஒரு இரசாயனப் பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்பது தெரியவந்தது. அதற்காக 1936 இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நரம்புகளின் பிடி முற்றாக இல்லாதுவிட்டால் மனித இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைக் காணலாம். நரம்புகள் வெட்டப்பட்டிருப்பதால் அவர்கள் ஓய்வாக இருக்கும்போதும் நாடி விரைவாகவே இருக்கும். அப்படியானால் எங்களுக்கு 70 அல்லது 72 ஆக இருப்பது எதனால்? வேகஸ் நரம்பு இரவு பகலாகக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதனால்தான்.

மாரடைப்பு வந்தால் இதயத் தசையின் ஒரு பகுதி பழுதடைகிறது. வெளியில் பேசப்படாத இன்னொரு சேதமும் நடக்கிறது. இதயம் முன்போல இரத்தத்தைத் தள்ளவில்லை என்று அறிந்த உடம்பு, பரிவு நரம்புகளை ஓயாமல் முடுக்குகிறது. வேகஸின் பிடி தளர்கிறது. கடிவாளம் கைநழுவிய வண்டிபோல இதயம் இருக்கும். நாடி விரைகிறது, ஒழுங்கற்ற, உயிருக்கே உலை வைக்கக்கூடிய துடிப்புகள் தோன்ற இடமுண்டாகிறது.

இதனை அளக்க ஒரு வழி உண்டு. நல்ல இதயம் மணிக்கூடுபோல ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரையும், வெளியே விடும்போது சற்று தாமதிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் இவ்வாறு கூடிக் குறைவது, வேகஸ் விழித்திருக்கிறது என்பதன் அடையாளம். 1987 இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேருக்கு ஒரு நாள் முழுவதும் ஈ.சி.ஜி. பதிந்து இந்த மாறுபாட்டை அளந்தார்கள். அது 50 மில்லிசெக்கனுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 100 மில்லிசெக்கனுக்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆகவே இதயத் தசையைக் காப்பாற்றுவதோடு, அதன் கடிவாளத்தையும் மீட்டெடுக்க வேண்டும்.

கட்டிலில் படுத்திருந்தால் கடிவாளம் திரும்பி வருமா? ஒரு காலத்தில் வைத்தியர்களும் ஓய்வே மருந்து என்று நம்பினார்கள். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1952 இல் அமெரிக்க வைத்தியர்களான லெவினும் லோனும் நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் இருத்தி வைப்பதே நல்லது என்று எழுதியபோது, அதுவே பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. பிறகு 1966 இல் டலாஸ் நகரில், இருபது வயதான ஐந்து ஆரோக்கிய வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் வலு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளின் பின் அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. நல்ல இளைஞருக்கே இப்படியென்றால் நோயுற்ற 58 வயதுப் பெண்ணுக்கு எப்படியிருக்கும்?

உழைப்பு இதயத்துக்கு நல்லது என்பதும் புதிய செய்தி அல்ல. நெஞ்சுவலி நோயை முதன்முதலில் தெளிவாக விபரித்த இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரை மணித்தியாலம் மரம் அரிந்து வந்த ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமடைந்ததைக் குறித்து வைத்திருந்தார். அவரது குறிப்புகள் 1802 இல் நூலாக வந்தன. அது எவ்வாறு நடக்கிறது என்பதற்கான விளக்கம் பிற்காலத்தில்தான் கிடைத்தது.

நடக்கத் தொடங்கியவுடன் வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது; பரிவு நரம்பு முடுக்குகிறது; நாடி ஏறுகிறது. நின்றதும் வேகஸ் மறுபடியும் இழுத்துப் பிடிக்கிறது. விட்டுப் பிடித்தல், விட்டுப் பிடித்தல் என்று நாளாந்தம் இந்தப் பழக்கம் நடக்கும்போது கடிவாளம் பிடிக்கும் கை உறுதியாகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடியின் வளைவிலும் குருதி அமுக்கத்தை உணரும் முனைகள் உள்ளன. அமுக்கம் ஏறினால் அவை உடனே மூளைக்குச் செய்தி அனுப்பி இதயத்தை மெதுவாக்கும். பயிற்சியினால் இந்தத் தெறிவினை கூர்மை பெறுகிறது. பலவீனமான இதயமுள்ள நோயாளிகளிடம், காலின் நரம்பில் மெல்லிய ஊசிமுனை வைத்துப் பரிவு நரம்பின் துடிப்பை அளந்து பிரேசில் நாட்டில் ஆராய்ந்தார்கள். நான்கு மாதப் பயிற்சியின் பின் அந்தப் பரபரப்பு ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு அண்மையில் இறங்கியது. இது 2003 இல் வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 2002 இல், இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முதலாவது மாரடைப்பிலிருந்து மீண்ட 95 பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சியினால் இந்தத் தெறிவினை நன்கு தேறியவர்களிடையே இதயநோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அதை வாசித்து மகிழ்ந்த எனக்கு ஒரு விடயம் உறுத்தியது. அந்த 95 பேரும் ஆண்கள். டலாஸ் நகர ஐவரும் ஆண்கள். பெண்களின் இதயத்துக்கும் கடிவாளம் அதுதான், பயிற்சியின் பயனும் எங்களுக்கு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் உலகின் எந்தப் பகுதியிலும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஆண்களைவிடப் பெண்களே குறைவாக வருகிறார்கள். ஏன் என்று எங்கள் வீடுகளைப் பார்த்தாலே விளங்கும்.

என் வீட்டையே எடுத்துக்கொள்வோம். நான் படலை தாண்டி நடப்பதற்கு எல்லோரும் தடை சொன்னார்கள். ஆனால் மூன்றாவது கிழமையில் நான் தேங்காய் துருவத் திருவலையில் குந்தியபோது ஒருவரும் தடுக்கவில்லை. சோற்றுப் பானையை இறக்கினேன். கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். அது வேலை, நடப்பது மட்டும் ஆபத்து! உண்மை இதற்கு எதிர்மாறானது. பாரமான வாளியை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது தசைகள் இறுகிக் குருதி அமுக்கம் திடீரென ஏறுகிறது. கைகால்களைச் சீராக வீசி நடக்கும்போது அப்படி ஏறுவதில்லை. "வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: வீட்டு வேலை விட்டு விட்டு நடக்கிறது, இடையில் மனப்பாரமும் சேர்கிறது, அது நாடியை அரை மணித்தியாலம் சீராக ஏற்றி இறக்குவதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

ஆறாம் கிழமை கிளினிக்கில் பயிற்சி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இயன்மருத்துவர் ஓர் அட்டவணை எழுதித் தந்தார். முதலில் ஐந்து நிமிடம் மெல்ல நடை, பிறகு பத்து நிமிடம் சற்று விரைவு, கடைசியில் ஐந்து நிமிடம் மீண்டும் மெல்ல. கிழமைக்கு ஐந்து நாள். ஒவ்வொரு கிழமையும் நடுவிலுள்ள பகுதியில் இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டும். "கதைச்சுக் கொண்டு நடக்க ஏலவேணும், பாடிக்கொண்டு நடக்க ஏலாமல் இருக்க வேணும். அதுதான் அளவு" என்றார். எனக்கு நாடியைக் குறைக்கும் பிசோப்ரோலோல் மாத்திரை தரப்பட்டிருந்தது. அதை எடுப்பவர்களுக்கு நாடி எண்ணிக்கையை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது என்பதால் இந்த எளிய அளவுகோல்.

அந்த நாட்களில் நாட்டில் பெற்றோல் இல்லை. என் கணவரின் மோட்டார் சைக்கிள் மூலையில் நின்றது. ஊரே நடந்தும் சைக்கிளிலும் திரிந்த காலம் என்பதால் விடிய ஐந்தரைக்கு ஒழுங்கையில் நடந்த என்னை அதிகம் பேர் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "ரீச்சருக்கு உந்த வயசிலை ஆரோடை ஓட்டப்போட்டி?" என்றா. இரண்டு மாதம் கழித்து அவவும் என்னோடு சேர்ந்துகொண்டா. அவவுக்கு நீரிழிவும் குருதி அமுக்கமும் இருந்தன.

ஒவ்வொரு நாளும் மூன்று எண்களைக் கொப்பியில் எழுதினேன். விடிய எழும்பியவுடன் நாடி. விரைவு நடை முடிந்தவுடன் நாடி. மெல்ல நடந்து ஒரு நிமிடத்தின் பின் நாடி.  அந்த மூன்றாவது எண் முக்கியமானது. ஓட்டம் நின்றதும் முதலாவது நிமிடத்தில் நாடியை இறக்குவது பெரும்பாலும் வேகஸ். 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2,428 பேரின் பயிற்சிச் சோதனைகளை ஆராய்ந்தபோது, ஒரு நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ மட்டும் இறங்கியவர்களிடையே, அடுத்த ஆறு ஆண்டுகளில் இறப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. வயது முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தும் இரண்டு மடங்கு. வைத்தியசாலைச் சோதனையும் வீட்டுக் கணக்கும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரே ஆள் ஒரே முறையில் மாதக்கணக்காக எண்ணினால் போகும் திசை தெரியும்.

மாசி முடிவில் என் எண்கள்: விடிய 84, நடை முடிவில் 112, ஒரு நிமிடத்தின் பின் 104. எட்டே எட்டுத் துடிப்பு இறக்கம். அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வைகாசியில் விடிய 76. நடை முடிவில் 110. நிமிடத்தின் பின் 97. ஆவணியில் விடிய 70; முடிவில் 110; நிமிடத்தின் பின் 91. இந்த ஆறு மாதத்திலும் மாத்திரையின் அளவு மாற்றப்படவில்லை. மாத்திரை பரிவு நரம்பின் முடுக்கத்தைத் தடுத்துக் காத்தது. நடை வேகஸின் கையைப் பலப்படுத்தியது. ஒன்றுக்கு ஒன்று மாற்றீடு அல்ல. நடக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது பேராபத்து.

எண்ணுவதற்குச் செக்கன் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. விறாந்தையில் மணிக்கூட்டுடன் இருந்து, நான் முற்றத்தில் மெல்ல நடக்கும்போது "இப்ப எண்ணு… போதும்" என்று குரல் கொடுத்தவர் வேறு யாருமல்ல, என் மாமிதான். ஆவணி மாத எண்களைக் காட்டி விளக்கியபோது சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னா: "களைச்ச மாட்டைப் பாரவண்டியிலை பூட்டப்படாது. ஆனால் கட்டிப் போட்ட மாடும் பிறகு உழாது. எங்கடை அப்பு காலமை அதை வயல் வரம்பிலை நடத்திக்கொண்டு போவார்." இதற்கு மேல் நான் என்ன பாடம் நடத்த முடியும்?

நடக்க விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வைத்தியரின் அனுமதியின்றி எவரும் தொடங்கக்கூடாது. நெஞ்சுவலி அடங்காதவர்கள், இதய வால்வு நன்கு ஒடுங்கியவர்கள், மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் அண்மையில் கூடியவர்கள் முதலில் சிகிச்சை பெறவேண்டும். நெடுநாள் நீரிழிவு இருப்பவர்களுக்குத் தன்னாட்சி நரம்புகளே பழுதடைந்திருக்கலாம். அவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும், எழும்பியவுடன் தலைசுற்றும். அவர்கள் கூடிய கவனம் எடுக்க வேண்டும். நடையைத் திடீரென நிறுத்தக்கூடாது; இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். சாப்பிட்டவுடனும், எங்கள் ஊரின் நடுப்பகல் வெயிலிலும் நடக்கக்கூடாது. நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரீ.என். மாத்திரை தரப்பட்டவர்கள் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ நோ, வழமையில்லாத இளைப்பு, தலைச்சுற்று, படபடப்பு எதுவரினும் உடனே நின்று இருந்துவிடுங்கள். நோ தணியாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

பயிற்சி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பழுதடைந்த தசை பழுதடைந்ததுதான். எனக்கு மாத்திரைகள் இன்றும் உண்டு, கிளினிக்கும் உண்டு. ஆனால் படுக்கையும் பயமுமாகக் கழிந்திருக்கக்கூடிய ஆண்டுகள் எனக்கு நடமாட்டமாகக் கிடைத்துள்ளன. கோயில் வீதியைச் சுற்றி வருகிறேன். பேரப்பிள்ளை வந்தால் தூக்குகிறேன்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு சோடி நல்ல செருப்பும், நாளில் அரை மணித்தியாலமும்தான். அந்த அரை மணித்தியாலம்தான் எங்கள் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. விடிய எழும்பினால் தேத்தண்ணி, சமையல், பிள்ளைகள், முதியோர் என்று அது கரைந்துவிடுகிறது. ஆகவே இதை வாசிக்கும் கணவன்மாரிடமும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இதயநோயுள்ள பெண் ஒருவர் இருந்தால் அவரைக் கட்டிலில் இருத்திப் பாதுகாக்க வேண்டாம். வைத்தியரிடம் கேட்டு அளவை அறிந்துகொள்ளுங்கள். அவர் நடந்துவிட்டு வரும்வரை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.